சொல்லு தாயி, சொல்லு

பூதத்தான் என்று பேரைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடி வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பேருக்கும் ஆளுக்கும் ஒட்டே கிடையாது. ஒல்லிப்பிச்சான் உடம்பு, அதைவிட ஒல்லியான பேச்சு. தாராவியில் ஜெயினுலாப்தீன் பாயின் தோல்பைப் பட்டறையில் தையல் மிஷின் ஓட்டுகிறவர். காலையில் மிஷினில் உட்கார்ந்தாரென்றால் டீ வரும்போது ஒரு வார்த்தை, சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் அந்த ஒரு வார்த்தைக்கும் வேலை இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசப் பெண்டாட்டி பிச்சம்மாள் இருந்தாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் குரல் தாராவியிலிருந்து நாங்குநேரி வரைக்கும் வீட்டுக்கு வீடு கேட்டது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கேட்டது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வில்லுப்பாட்டுக்காரி வள்ளியூர் சொர்ணம்மாள் முதல் தடவையாகப் பம்பாய்க்கு வந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு. வில்லுப்பாட்டில் பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடவேண்டும். அது விழாவிட்டால் கதை நகராது. அன்றைக்குப் பார்த்து ஆமா போட வந்தவருக்கு ரயில் காற்றில் தொண்டை கட்டிவிட்டது. மைக் வேறு கூவென்று கத்தியது. முன்வரிசைப் பிள்ளைகள் வடாபாவ் வாங்க ஓட, பிள்ளைகளைப் பிடிக்கப் பெரியவர்கள் ஓட, கூட்டம் கரைய ஆரம்பித்தது. சொர்ணம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று.

பாடிக்கொண்டிருந்தது முத்துப்பேச்சி கதை. ஜமீன்தார் வாய்க்காலை அடைத்துவிட்டான். ஊரே பயந்து கிடக்க, முத்துப்பேச்சி மட்டும் காலிக் குடத்தோடு போய் அவன் முன்னால் நிற்கிறாள். ‘நின்னு என்ன சொன்னா தெரியுமா?’ என்று கேட்டு நிறுத்தினாள் சொர்ணம்மாள். பக்கத்து ஆளிடமிருந்து ‘ஆமா’ வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. கூட்டத்திலும் ஒரு சத்தமில்லை. பின்னால் தூணோரம் நின்ற பூதத்தானுக்கு அந்தப் பெண்பிள்ளை தனியாக நிற்பது பொறுக்கவில்லை. தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

“சொல்லு தாயி, சொல்லு!”

கோயிலே திரும்பிப் பார்த்தது. சொர்ணம்மாளும் பார்த்தாள், சிரித்தாள், வீசுகோலை ஓங்கி வில்லில் ஓர் அடி போட்டாள் பாருங்கள், அதற்கப்புறம் கதை முடிகிற வரைக்கும் ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. ஜெயினுலாப்தீன் பாய் தன் துபாய் டேப்ரிக்கார்டரை ஸ்பீக்கர் குழாய்க்குக் கீழே வைத்திருந்தார். பாட்டோடு பூதத்தானின் சத்தமும் கேசட்டில் ஏறிவிட்டது.

அந்தக் கேசட்டிலிருந்து ஒரு பதிவு, அந்தப் பதிவிலிருந்து இன்னொரு பதிவு என்று தாராவி முழுக்கப் பரவியது. ஊருக்கு ரயிலேறுகிறவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். பட்டறையில் தினமும் அது ஓடும். அந்த இடம் நெருங்கும்போது எல்லா மிஷினும் நின்றுவிடும், எல்லாத் தலையும் பூதத்தான் பக்கம் திரும்பும். அவர் ஊசியையே பார்த்துக்கொண்டு வெட்கப்படுவார். ஊரில் நடந்ததுதான் பெரிய கூத்து. கேசட் கேட்டுப் பழகின ஜனங்கள் அந்தச் சத்தமும் பாட்டில் உள்ளதுதான் என்று நினைத்துக்கொண்டு, சொர்ணம்மாள் எந்தக் கொடையில் பாடினாலும் அந்த இடம் வந்ததும் மொத்தமாக ‘சொல்லு தாயி, சொல்லு’ என்று கத்துகிறார்களாம். லீவுக்குப் போய் வந்தவர்கள் வந்து சொன்னார்கள். பூதத்தான் கேட்டுக்கொண்டே மிஷினுக்கு எண்ணெய் விட்டார். அன்றைக்குச் சாயந்திரம் பிச்சம்மாளுக்குக் கேட்காமலே மல்லிகைப்பூ வந்தது.

ஒரே ஒரு ஆள்தான் இதை நம்பவில்லை. அவர் செம்பூர் சம்பந்தி. மகள் சந்திரலேகாவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. ஆபீஸ்காரக் குடும்பம். சந்திரலேகா கேசட்டைப் போட்டு, “மாமா, இது எங்கப்பா சத்தம்” என்று சொன்னபோது அவர் பேப்பரை மடிக்காமலே, “இருக்கும், இருக்கும்” என்றாராம். இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பூதத்தான் பொறுத்திருப்பார். அந்த ‘இருக்கும்’ அவரை ரொம்ப நாள் அரித்தது.

இப்படி இருக்கையில்தான் மெட்ராஸ் கம்பெனி ஒன்று முத்துப்பேச்சி கதையை வீடியோ கேசட்டாகப் போட்டிருக்கிறது என்று சேதி வந்தது. சொர்ணம்மாளே புதிதாகப் பாடி, படமும் எடுத்திருக்கிறார்களாம். லேபர் கேம்பில் கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுகிற சுயம்பு எப்படியோ ஒரு கேசட்டைப் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் கொட்டகையில் காட்டப்போகிறான் என்று தெரிந்ததும், பூதத்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தானாக ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் செம்பூருக்குப் பஸ் ஏறிப்போய்ச் சம்பந்தி முன்னால் நின்று, “என் சத்தம் டி.வி.யில வருது. நீங்க வந்து பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்தும் குடிக்காமலும் திரும்பிவிட்டார்.

பிச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். நீங்கள் பார்த்தீர்களா, கேட்டீர்களா, எதை நம்பிக் கூப்பிட்டீர்கள் என்று இரண்டு நாள் விடாமல் கேட்டாள். பாட்டு இருந்தால் சத்தமும் இருக்கத்தானே செய்யும் என்பது பூதத்தானின் கணக்கு. புதிதாகப் பாடுவது என்றால் பழசில் இருந்தது வராது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அவரை மட்டும் சொல்வானேன், அந்தப் பக்கத்தில் யாருக்குமே உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுயம்புவின் கொட்டகை பிதுங்கியது. சம்பந்தி சலவைச் சட்டையில் வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் பூதத்தான், இஸ்திரி மடிப்பு கலைந்துவிடக் கூடாதென்று முதுகு சாயாமல் இருந்தார். பாய்க்கு நாற்காலி. பெண்கள் பக்கம் பிச்சம்மாளும் சந்திரலேகாவும்.

படம் ஓடியது. எடுத்த எடுப்பில் முத்துப்பேச்சியாக ஒரு சினிமாக்காரப் பெண் ஜிகினா ரவிக்கையும் வெள்ளிக் குடமுமாக வந்தாள். பின்னால் ஒரே மாதிரிப் பாவாடையில் தோழிகள் இடுப்பை வளைத்தார்கள். வாய்க்கால் என்று காட்டினது நீல டைல்ஸ் பதித்த தொட்டி. ஜமீன்தாரின் ஒட்டு மீசை ஒரு பக்கம் லேசாக எழும்பி நின்றது. சொர்ணம்மாளை மூலையில் ஒரு வட்டத்துக்குள் உட்கார வைத்து, பட்டுச்சேலை கட்டி, உதட்டில் சாயமும் பூசியிருந்தார்கள். பெண்கள் பக்கம் ‘ஆத்தீ’ என்று ஒரு பெருமூச்சு. பையன்கள் விசிலடித்தார்கள். கிழவர்கள் ‘ச்சை’ என்றார்கள்.

பூதத்தானுக்கு எதுவுமே கண்ணில் படவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தார். வாய்க்கால் அடைத்தாயிற்று, குடம் எடுத்தாயிற்று, ஜமீன்தார் முன்னால் நின்றாயிற்று. ‘நின்னு என்ன சொன்னா தெரியுமா?’ என்று வந்ததும் முதுகு இன்னும் நிமிர்ந்தது. சட்டென்று சத்தம் நின்றது. திரை முழுக்கச் சொர்ணம்மாள் முகம் வந்து அசையாமல் நின்றது.

சுயம்புவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவன் கேசட்டெல்லாம் பத்து கை மாறி வந்த சரக்கு. அடிக்கடி சிக்கும், படம் அப்படியே நிற்கும். நின்றால் டெக்கில் ஒரு தட்டுத் தட்டி, வேகமாக ஓட்டி, அந்த இடத்தைத் தாண்டிவிடுவான். கூட்டம் கூச்சல் போடுமுன் செய்துவிடுவதால் அதில் அவனுக்குப் பெருமைகூட. இப்போதும் தட்டினான், ஓட்டினான். படம் கோடு கோடாகப் பாய்ந்து, முத்துப்பேச்சி ஜமீன்தாரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருக்கிற இடத்தில் வந்து விழுந்தது.

சம்பந்தி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: “எந்த இடம் சம்பந்தி? நான் கவனிக்கலையோ?”

பூதத்தான் தரையைப் பார்த்தார். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

படம் முடிந்ததும் கொட்டகை சந்தைக்கடையாயிற்று. வில்லையும் குடத்தையும் மூலையில் தள்ளிவிட்டுத் தொட்டியில் கூத்தடிக்கிறான்கள், இதுவா முத்துப்பேச்சி என்று கிழவர்கள் குதித்தார்கள். எத்தனை நாளைக்குத்தான் புழுதியிலேயே உட்காரவைத்துக் கேட்பீர்கள், கலர் ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ், டான்ஸும் ஃபஸ்ட் கிளாஸ் என்று பையன்கள் எதிர்த்தார்கள். பெண்களுக்குச் சொர்ணம்மாளின் சேலை மாம்பழக் கலரா மஞ்சள் கலரா என்பதில் தகராறு. ஜெயினுலாப்தீன் பாய், இத்தனை வருஷமாகத் தன் பதிவில் புரியாமல் போன வார்த்தையெல்லாம் இன்றைக்குத்தான் விளங்கிற்று என்று நியாயமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “ஆனா நம்ம பூதத்தானை வெட்டிட்டானுவளே. அவரு இல்லாம அது என்ன பாட்டு?” என்று வருத்தப்பட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுவரை கவனிக்காதவர்களும் இப்போது கவனித்தார்கள். பாவம்தான், மெட்ராஸ்காரனுக்குத் தாராவிக்காரன் தொண்டை எங்கே தெரியப்போகிறது என்று ஒருவன் சொல்ல, ஆளாளுக்குச் சிரித்தார்கள். சந்திரலேகா மாமனார் பக்கம் திரும்பவே இல்லை.

பூதத்தான் எழுந்து செருப்பைத் தேடினார். அப்போதுதான் பிச்சம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து பெஞ்சுகளைத் தாண்டி வந்து, நேராக டெக்குக்கு முன்னால் நின்றாள்.

“ஏலே சுயம்பு, திருப்பி ஓட்டு.”

கேசட் சிக்கின இடம் அது, திரும்ப ஓட்டினால் அறுந்துவிடும் என்று சுயம்பு மறுத்தான். பிச்சம்மாள் விடுவாளா? சிக்கவும் இல்லை ஒன்றும் இல்லை, நீ தட்டுவதற்கு முன்னால் அந்தப் பொம்பளை கண்ணை இமைத்தாள், கையைத் தூக்கினாள், நான் பார்த்தேன் என்றாள். மறுபடி அந்த இடத்தில் தட்டினால் கையை ஒடித்துவிடுவதாகவும் சேர்த்துச் சொன்னாள். சுயம்பு திருப்பி ஓட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

திரும்பவும் ஓடியது. ‘நின்னு என்ன சொன்னா தெரியுமா?’ சத்தம் நின்றது. டான்ஸ் பெண்கள் போய், தொட்டி போய், திரை முழுக்கச் சொர்ணம்மாள் மட்டும். அசையாமல்தான் இருந்தாள், ஆனால் இமைத்தாள். வீசுகோலை அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள். மற்றக் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, கொஞ்சம் தலையைச் சாய்த்து, காத்துக்கொண்டிருந்தாள். உடுக்கைச் சத்தமில்லை, குடத்துத் தாளமில்லை.

ஜெயினுலாப்தீன் பாய்க்குத்தான் முதலில் பிடிபட்டது. ஊர் ஊராக ஜனங்கள் கத்திக் கத்திப் பழக்கிவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்காமல் அவளுக்கு அடுத்த வரி வராது. மெட்ராஸ் ஸ்டூடியோவில் கத்த ஆள் இல்லை. அதற்காக அந்த இடத்தை விட முடியுமா? பார்க்கிறவர்கள் கத்தட்டும் என்று இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

“வே பூதத்தான், ஒமக்காகத்தாம்வே நிக்கா!” என்றார் பாய்.

பூதத்தான் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அன்றைக்கு ஆமா போட வந்தவருக்கு ஆன கதிதான் இவருக்கும். அதற்குள் சொர்ணம்மாள் வில்லை அடித்துவிட்டாள், பாட்டு போய்விட்டது. கொட்டகை முழுக்க ‘அடச்சே’ என்றது.

“திருப்பு” என்றாள் பிச்சம்மாள்.

சுயம்பு திருப்பினான். இந்தத் தடவை பையன்களும் கிழவர்களும் சண்டையை மறந்து ஒரே பக்கமாகப் பூதத்தானைப் பார்த்தார்கள். ‘தெரியுமா?’ என்று கேட்டு நிறுத்தினாள் சொர்ணம்மாள். கோல் மேலே போயிற்று. கை காதுக்குப் போயிற்று. தனியாக நின்றாள். பூதத்தானுக்கு டி.வி.யும் சம்பந்தியும் மறந்துபோயிற்று. அவர் லேபர் கேம்ப் கோயிலில் தூணோரம் நின்றார்.

“சொல்லு தாயி, சொல்லு!”

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. சொர்ணம்மாள் காதிலிருந்து கையை எடுத்தாள். அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். இந்தப் பக்கம் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு, ஓங்கி அடித்தாள் வில்லை. அப்புறம் முத்துப்பேச்சி என்ன சொன்னாள் என்று ஒருத்தர் காதிலும் விழவில்லை. அத்தனை ஆர்ப்பாட்டம். விசிலடித்தவர்களில் கிழவர்களும் உண்டு. சுயம்பு டெக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். கேசட்டில் கேட்ட அதே குரல் தன் காதோரம் வெடித்ததில் அவருக்குக் காது அடைத்திருந்தது. பூதத்தான் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் சம்பந்தி. நீங்களேதான்” என்றார். ‘இருக்கும்’ என்று சொல்லவில்லை.

பூதத்தான் அழுதார். இஸ்திரிச் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டு, மறைக்காமல் அழுதார். பிச்சம்மாளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சுயம்பு பக்கம் திரும்பினாள்.

“இன்னொருக்காத் திருப்பு தம்பி. இந்தத் தடவ நானும் சேந்து கத்துதேன்.”