அடிக்காத அடி

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத வருஷம். அஸ்மத்துன்னிசா பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழித்து, மயிலாப்பூரில் அண்ணன் வீட்டிலிருந்து தியாகராய நகருக்குப் புருஷன் வீடு திரும்பினாள். பத்தாம் நாள் தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிக் கறுத்திருந்தது. அடுத்த வாரம் முழங்கை, அப்புறம் தொடை. எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லை.

புருஷன் உமர் ஃபாரூக் தையல்காரர். கத்தரிக்கோலைக்கூடச் சத்தமில்லாமல் கீழே வைக்கிற மனுஷர். அக்கம்பக்கத்துக்கு அதெல்லாம் எதற்கு? புருஷன் அடிக்கிறான் என்று சேதி மயிலாப்பூருக்குப் போயிற்று. அண்ணன் அப்துல் கய்யூம் ஜட்கா வண்டி பிடித்து வந்து நின்றார்.

"அவரு எம்மேல கை வெக்கல, அண்ணே. தானா கருத்துக்கினு வருது."

"அடி வாங்கறவ அல்லாரும் இதத்தாம்மா சொல்லுவா."

இல்லை என்றால் மறைக்கிறாளாம், அழுதால் ஒப்புக்கொண்டாளாம். கய்யூம் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

உமர் இரண்டு முறை வந்து, அடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை அவர் குரல் கேட்டு அவள் ஓடினாள். கய்யூம் முன்கையைப் பிடித்து நிறுத்தினார். அவ்வளவுதான், பிடித்தார்.

காலையில் அந்தக் கையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. கய்யூமின் மனைவி சகினா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"சத்தியமா அடிக்கல, சகினா! சும்மா புடிச்சேன்."

"அவரும் இப்டித்தானே அண்ணே சத்தியம் பண்ணாரு?" என்றாள் அஸ்மத்.

கய்யூம் ஜட்காவைக் கூப்பிட்டார். அன்றே ஆஸ்பத்திரி. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் அவள் ரத்தத்தைக் கய்யூமின் ரத்தத்தோடு கண்ணாடிக் குழாயில் கலந்து பார்த்தார். நல்ல ரத்தம் சேர்ந்தும் அது உறையவில்லை.

"ரத்தத்தை உறைய வைக்கிற சத்தை இவங்க உடம்பே அழிக்குது. பிரசவத்துக்கு அப்புறம் அபூர்வமா வரும். மருந்து கிடையாது, தானாத் தணிஞ்சாத்தான் உண்டு. அதுவரைக்கும் யாரும் அழுத்தித் தொடாதீங்க."

உமருக்கு ஆள் போயிற்று. கய்யூம் அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். அஸ்மத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனி வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் உமர் கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளியே நின்றார், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. சகினா பிள்ளையை அவள் மடியில் வைக்கப் போனபோது, "வேணாம், ஒதைக்கும்" என்றார்.

"ஊரே உங்கள அடிக்கிறவர்னு சொன்னப்பகூட நான் பயப்படல," என்றாள் அஸ்மத். "இப்ப நீங்க என்னப் பாத்துப் பயப்படறீங்களே."

உமர் கைகளை முன்னால் கொண்டுவரவில்லை.