மழை வேண்டாம் என்று வேண்டினேன்

நம் மாரியம்மனை நம்பி வாழும் சகோதரிகளே, போன ஆடி மாதம் என் மகள் நிவேதா சாப்பாட்டையும் பேச்சையும் ஒன்றாக நிறுத்திவிட்டாள்.

கல்லூரியில் அவளும் நண்பர்களும் சேர்ந்து போட்டிக்காக ராக்கெட் செய்கிறார்கள். தீபாவளி ராக்கெட் இல்லை. ஆளைவிட உயரமாக இருக்கும். வானத்தில் வெகு உயரம் ஏறி, பாராசூட் விரித்து மெல்ல இறங்க வேண்டும். அந்தப் பாராசூட் என் மகளின் பொறுப்பு. சோதனை பார்த்த அன்று அது விரியவில்லை. ராக்கெட் தலைகீழாக வந்து தரையில் குத்தி நொறுங்கிப் போனது.

யாரும் அவளைத் திட்டவில்லையாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கோவில்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. நான் காலேஜுக்கே போகல" என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸ் போகும் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுவேன். கடைசியில் அவர்கள் குழுத் தலைவன் அருள் வீட்டுக்கே வந்து, "பாராசூட்ட நீதான் மடிக்கணும். வேற யாரும் அதத் தொட மாட்டோம்" என்று சொல்லி அழைத்துப் போனான். போனாள். ஆனால் இன்னொரு முறை அது விழுந்தால் என் பெண் எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் அம்மனிடம் வேண்டுகிற லட்சணத்தைக் கேளுங்கள். கேட்க மாட்டேன், வேலை சொல்வேன். இதை இப்படிச் செய், அதை அப்படி முடி என்பேன். ஆபீஸில்கூட யாரையும் நான் அப்படி அதிகாரம் செய்ததில்லை.

ஆவணியில் புது ராக்கெட் தயாரானது. போட்டிக்குப் போகிற வழியில் பிள்ளைகள் எல்லோரும் வேனில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். ராக்கெட்டைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அதன் நடு உடம்பைச் சுற்றி மூன்று சின்னத் துளைகள் இருந்தன. பொட்டு வைக்கவே விட்ட இடம் மாதிரி எனக்குத் தோன்றியது. கோயில் சந்தனத்தைக் குழைத்து மூன்றிலும் அழகாக வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதன்பின் அழிக்க யாருக்கு மனம் வரும்?

போட்டியன்று காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினேன். வாசலிலேயே உத்தரவைத் தொடங்கிவிட்டேன்.

"தாயே, அங்க ஒரு சொட்டு மழ விழக்கூடாது. சொல்லிட்டேன்."

விழிதியூர் வயலில் விதைத்துவிட்டு வந்து, வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவருக்கு அது காதில் விழுந்துவிட்டது. "ஊரே மழைக்கு ஏங்கிக் கெடக்கு. நீ வேணாங்குறியே, வெளங்குமா?"

"அங்க மட்டும்தாங்க வேணாம். இங்க கொட்டட்டும்."

கோயிலில் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் நிவேதா போன் செய்தாள். "அம்மா, இங்க மழ புடிச்சுக்கிச்சு. எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. மழ விடலன்னா எங்களுக்கு வாய்ப்பே கெடையாது." ஆடி மாதம் கேட்ட அதே குரல்.

எனக்கு வந்த கோபத்தில் அம்மனோடு சண்டையே போட்டேன். "காது கேக்கலையா உனக்கு? எம்பொண்ணு என்ன பாவம் பண்ணா?" குருக்கள் எட்டிப் பார்த்தார். அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்தேன். எழுந்து வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. அழுது ஓய்ந்தபின், "எனக்குத் தெரியல தாயே. நீயே பாத்துக்க" என்றேன். என் வாழ்நாளில் அவளுக்கு வேலை சொல்லாமல் வேண்டியது அன்றுதான்.

மதியத்துக்கு மேல் போன் வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "எறங்கிருச்சும்மா! பாராசூட் விரிஞ்சு, அவ்ளோ மெதுவா எறங்குச்சும்மா!"

பரிசு வேறு கல்லூரிக்குப் போனது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. வீட்டுக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். மழையில் நனைந்த ராக்கெட்டைத் துண்டால் துடைத்திருக்கிறாள். ஒரு துளையிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் வழிந்திருக்கிறது. அந்தத் துளைகள்தான் ராக்கெட்டுக்கு மூக்காம். அவற்றின் வழியே வரும் காற்றை வைத்துத்தான் உள்ளே இருக்கும் கருவி உயரத்தைக் கண்டுபிடித்து, பாராசூட்டைத் திறந்துவிடுமாம். மூன்றையும் நான் சந்தனத்தால் அடைத்து வைத்திருந்தேன்; பொட்டைப் பார்த்த பிள்ளைகள் யாருக்கும் அதன் அடியில் துளை இருப்பது நினைவுக்கு வரவில்லையாம். பஞ்சால் துடைத்து, காயவைத்து, எல்லாவற்றையும் மறுபடி சரிபார்ப்பதற்குள் மழையும் விட்டிருக்கிறது.

என் பிள்ளையை நானே விழுத்தாட்டப் பார்த்தேனே!

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதம்மா. மழ மட்டும் வரலன்னா அப்படியே ஏத்திருப்போம்."

நான் வேண்டாம் என்று சொன்ன மழை. சண்டை போட்டு விரட்டப் பார்த்த மழை. அதை அனுப்பித்தான் அம்மன் என் மகளைக் காப்பாற்றினாள். சகோதரிகளே, உங்களுக்கும் கேட்டதற்கு நேர்மாறாக நடக்கலாம். கோபம் வந்தால் சண்டை போடுங்கள், அவள் தாய்தானே. ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

இந்த வருடம் பிள்ளைகள் புது ராக்கெட்டோடு வந்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தை எடுக்கவே இல்லை. அருள்தான் கூப்பிட்டான். துளைகளிலிருந்து வெகுதூரம் தள்ளி, வால் பக்கத்தில், பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

"ஆன்ட்டி, இது உங்க இடம். வைங்க."

அந்த வட்டத்தைத் தாண்டாமல் ஒரு பொட்டு வைத்தேன். அவர்களை வழியனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போய் அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.