மாடசாமியின் ஒன்பது தீப்பெட்டிகள்

போன வாரம் கரண்ட் போயிற்று. இருட்டில் தடவித் தீக்குச்சியை உரசினேன். குப்பென்று அந்த மருந்து வாசனை... மெழுகுவர்த்தியை ஏற்ற மறந்து, குச்சி விரலைச் சுடும்வரை நின்றுவிட்டேன்.

"தீக்குச்சிக்கும் கவிதையா?" என்றாள் வீட்டுக்காரி.

இல்லை, மாடசாமி ஞாபகம்.

மாடசாமி ஆள் அல்ல. ஒன்பது காலித் தீப்பெட்டிகள். சில வருஷம் முன்பு, சங்கரன்கோவிலில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, பிளஸ் டூ பிள்ளைகளோடு சேர்ந்து செய்த 'அறிவுள்ள யந்திரம்'. சிரிக்காதீர்கள்! இப்போது, இந்த எண்பத்தாறில், பேப்பரைத் திறந்தால் கம்ப்யூட்டர் வருகிறது, வேலை போகிறது என்று ஒரே கூப்பாடு. அன்றைக்கு எங்களில் ஒருவரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன? யந்திரம் எப்படிக் கற்றுக்கொள்ளும் என்று காட்டப் பெட்டிதானே வேண்டும்? பக்கத்து ஊர் திருவேங்கடம் போனால் தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ்; தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்.

ஆட்டம் எளிது. பத்துப் புளியங்கொட்டை. ஆள் மாற்றி ஆள் ஒன்றோ இரண்டோ எடுக்கலாம். கடைசிக் கொட்டை யார் தலையில் விழுகிறதோ அவர் அவுட். எதிராளிதான் முதலில் எடுப்பார் — வந்தவரை முதலில் கவனிப்பது நம்ம ஊர் வழக்கமில்லையா? ஆகவே மாடசாமிக்கு ஒன்று முதல் ஒன்பதுவரை நம்பர் போட்ட பெட்டிகள் போதும்; ஒவ்வொன்றிலும் வெள்ளையும் சிவப்புமாகப் பாசிமணிகள். மீதி எத்தனை கொட்டையோ அந்த நம்பர் பெட்டியைக் குலுக்கி, கண்ணை மூடி ஒரு பாசிமணி எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மாடசாமி ஒரு கொட்டை எடுக்கிறான். சிவப்பு வந்தால் இரண்டு. ஜெயித்தால் மணி பெட்டிக்கே திரும்பும், அதே நிறத்தில் துணைக்கு இன்னொன்றும் சேரும். தோற்றால் மணி பறிமுதல்.

அவ்வளவுதான் பாடம். பரிசும் பறிமுதலும்.

முதல் வாரம் மாடசாமி எல்லாரிடமும் தோற்றான். தோற்கத் தோற்கக் கெட்ட மணிகள் கழிந்தன. ஒரு மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை என் மாணவி கோமதி கத்தினாள்: "சார், மாடசாமிக்குப் புத்தி வந்துட்டு!"

அதற்குப்பின் அவனை ஒருவராலும் ஜெயிக்க முடியவில்லை.

கோமதிக்கு ஒரே ஆசை, அவனைத் திருநெல்வேலி அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் அதுவரை திருநெல்வேலிக்குப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். காய்ச்சல் இல்லாமல் ஒரு தடவை அந்த ஊரைப் பார்க்க வேண்டாமா? ஆனால் எச்.எம். கையெழுத்துப் போட வேண்டும். போடுமுன் மாடசாமியோடு ஒரு கை ஆடிப் பார்ப்பேன் என்றுவிட்டார்.

வந்ததே வினை! எச்.எம். தோற்று யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆசிரியர் அறையில் கேரம் நடக்கும். டிராயிங் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு 'ரெட்' என்கிற சிவப்புக் காயைக் குழியில் போடுகிற ஆள். எச்.எம். எதிரில் உட்கார்ந்தால் மட்டும் அவருக்குக் கை நடுங்கும்.

கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவன் காதர் ஒரு வழி சொன்னான். "சார், மாடசாமிக்குத் தோக்கப் படிச்சுக் குடுத்துருவமா? ஜெயிச்சா மணியப் புடுங்குவோம். ரெண்டு நாள்ல பழகிருவான்."

"போலே!" என்று சீறினாள் கோமதி. "ஒரு மாசமாப் பாடுபட்டுப் படிச்சவன். அவனையும் டிராயிங் சார் ஆக்கணுமாக்கும்?"

எச்.எம். வந்தார், டிராயிங் மாஸ்டர் பின்தொடர.

"ஏலே, இதுக்கு மூளை எங்கன இருக்கு?"

"பெட்டிக்குள்ள சார்," என்றான் காதர்.

சிரித்தபடி முதல் கொட்டையை எடுத்தார். தோற்றார். "சும்மா விட்டுப் பாத்தேன்," என்றார். மறுபடி அவரே முதலில் எடுத்தார். தோற்றார். அடுத்த ஆட்டத்துக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டார். கடைசியில் அவர் முன்னால் ஒற்றைப் புளியங்கொட்டை... பளபளவென்று, ஈவிரக்கமில்லாமல்!

முதலில் எடுப்பவருக்கு இந்த ஆட்டத்தில் கதி கிடையாது, எதிராளி விவரமானவன் என்றால். மரியாதை செய்தே மனிதரை மாட்டிவிட்டிருந்தோம்.

"எவம்லே இதுக்குச் சொல்லிக் குடுத்தது?"

கோமதியின் கையில் கண்காட்சி அனுமதித் தாள் வியர்வையில் நமத்துப்போயிருந்தது.

"யாரும் சொல்லிக் குடுக்கல சார்." கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவள் குரல். "நாங்க எல்லாரும் அவனத் தோக்கடிச்சோம். அப்படித்தான் படிச்சான்."

எச்.எம். கொட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். பிறகு மெல்ல டிராயிங் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"வே... நேத்து கேரத்துல ரெட்ட விட்டீரே. அது நெசமாவே கை நடுங்கியா?"

டிராயிங் மாஸ்டர் கூரையில் ஓடுகளை எண்ண ஆரம்பித்தார்.

தீப்பெட்டிக்கு எச்.எம். யார், பியூன் யார் என்று தெரியாது. அதற்கு யாரும் தயவு காட்டவும் இல்லை. படிப்பு ஏறிற்று. நமக்கோ... மரியாதைக்காகத் தோற்க நாலு பேர் சுற்றி இருந்தால் போதும், ஆயுசுக்கும் மக்காகவே இருந்துவிடலாம்.

எச்.எம். கையை நீட்டினார். கோமதி நனைந்த தாளைக் கொடுத்தாள். கையெழுத்து மை கசிந்து, சின்னப் பூவாக விரிந்தது. வாசல்வரை போனவர் நின்றார்.

"ஏட்டி கோமதி, திருநெல்வேலி போயிட்டு வந்ததும் பத்தாம் நம்பருக்கும் ஒரு பெட்டி சேத்து வையி. இனிமே மாடசாமி முதல்ல எடுக்கட்டும்!"