வாயைத் திறக்கச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

தெலுங்கு பேசுகிற ஊரான மல்காஜ்கிரியில் ஒரு சுகாதாரத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. அடையாள அட்டையில் என் பதவி இங்கிலீஷில் ஒன்றரை வரி வரும். செய்த வேலை மூன்று: ஜீப் ஓட்டுவது, மைக் கட்டுவது, டிபி மாத்திரை விழுங்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. மூன்றாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டோம். தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இதையும் எழுத்துக்கூட்டித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் கொடுக்கிற வேலை லேசானதில்லை. திங்கள், புதன், வெள்ளி காலையில் நோயாளிகள் வருவார்கள். ஆளுக்கு ஏழு மாத்திரை. நர்ஸ் சிஸ்டர் எடுத்துக் கொடுப்பார். எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். சில பேர் நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போய் வாசலில் துப்பிவிடுவார்கள். அதனால் விழுங்கியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பார்க்கிறவன் நான். படிக்காதவனுக்கு இந்த ஊரில் வேறு யாரும் கொடுக்காத அதிகாரம் அது. வாத்தியார், ஆட்டோக்காரர், ரிடையரான ரயில்வே கார்டு, எல்லோரும் என் முன்னால் வாயைத் திறந்தார்கள்.

அப்படித் திறப்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. அதைப் போக்க நான் ஒரு ஜோக் வைத்திருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ரயில்வே குடும்பம். "சுரங்கத்தத் தொறங்க, உள்ள ரயில் நிக்குதான்னு பாக்கறேன்" என்பேன். சிரிப்பதற்கு எப்படியும் வாயைத் திறக்க வேண்டுமில்லையா. முதல் வாரம் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. நானும் விடவில்லை.

அக்கா ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. அரக்கோணத்துப் பக்கத்துக் குடும்பம். அவள் பிறந்தது இங்கே லோகோ ஷெட் குவார்ட்டர்ஸில். புருஷன் போய்விட்டான். பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி. வீட்டிலேயே மெஸ் நடத்தினாள். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்கள் அந்தத் தெருக்களில் அறைக்கு நாலு பேராகத் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு டிபன் கேரியரில் சாம்பார், ரசம், ஒரு பொரியல். அந்த டிபன் கேரியர்தான் அவள் வீட்டு அடுப்பும், பெண்ணின் பள்ளிக்கூடமும்.

டிபி என்று தெரிந்ததும், ஊரில் சாவு என்று சொல்லிச் சில வாரம் மெஸ்ஸை மூடிவிட்டாள். இனி ஒட்டாது, சமைக்கலாம் என்று எங்கள் டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்டினாள். ஆனால் ஒட்டாது என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும். சாப்பிடுகிற பையனுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தன் காதில் விழுந்தால் எல்லாக் கேரியரும் நிற்கும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெட்டி உண்டு. பெயர் இங்கிலீஷில் இருக்கும். அதனால் நான் ஓரமாகப் பென்சிலில் படம் போட்டுவைப்பேன். அவள் பெட்டியில் கத்தரிக்காய். ஆறாவது வாரம். மாத்திரை இன்னும் பல மாதத்துக்கு இருந்தது.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தெருவில் நோயாளியைப் பார்த்தால் நாம் முதலில் சிரிக்கக் கூடாது. அவர்கள் பேசினால் பேசலாம். இல்லையென்றால் நாம் சுவர். எதிரில் வருகிற நாய்க்குக்கூட வணக்கம் சொல்கிற எனக்கு, சுவராக இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

மாதக் கடைசி ஞாயிறு மக்கள் கூட்டம். குவார்ட்டர்ஸ் திடலில் ஷாமியானா, கண் பரிசோதனை, சுகர் டெஸ்ட், ஒரு நாடகம், கடைசியில் சாப்பாடு. ஐடி கம்பெனிகளிலிருந்து பையன்கள் ஒரே மாதிரி டீ ஷர்ட்டில் சேவை செய்ய வருவார்கள். அந்த மாதம் ஆபீஸ் கிளார்க் தக்காளி சாதத்துக்கு ஆள் பிடித்திருந்தார். வராதவர்கள் பட்டியலில் பெயர் வருகிறவர்களைத் தவிர, நோயாளிகள் யார் என்று அவருக்குத் தெரியாது. குண்டானோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள் அக்கா.

டீ ஷர்ட் போட்டவர்களில் நாலு பேர் அவள் மெஸ் பையன்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கண்ணாடிக்காரப் பையன் ஒருத்தன் ஓடிப்போய்க் குண்டானை இறக்கினான்.

"நீங்களே வந்திட்டீங்களாக்கா. அப்ப இன்னிக்கும் நம்ம சாப்பாடுதான்."

"ஹவ்" என்று இந்த ஊர் ஆமாம் போட்டாள். "ஞாயித்துக்கெழமயும் உங்கள வுட மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, முன்பின் பார்க்காதவளைப் போல, "யாருப்பா அது மைக்கு, இந்த ஒயர ஓரமா போடு. காலத் தடுக்குது" என்றாள்.

என்னைவிட நன்றாக நடித்தாள். நான் ஒயரை ஓரமாகப் போட்டேன். சுவரானேன். அரை நாள் முழுக்கச் சுவராகவே இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

நாடகத்தில் நான்தான் நோயாளி. இருமி இருமி விழுவேன், கூட்டம் சிரிக்கும். சிஸ்டர் வந்து ஏழு மிட்டாயை மாத்திரை என்று கொடுத்து, தண்ணீர் கொடுத்து, மைக்கில் விளக்குவார்: முழுங்கினதும் வாயத் தொறந்து காட்டணும், நாக்கத் தூக்கணும், அப்போதான் கணக்கு. நான் நாக்கைத் தூக்கிக் காட்டினேன். கைதட்டினார்கள். கண்ணாடிக்காரப் பையன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் சாப்பாடு. வெயிலிலும் அடுப்புப் புகையிலும் அக்காவுக்குத் தலைவலி. முந்தானை முடிச்சிலிருந்து தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்தாள். தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றவன் நான். அவள் என் பக்கம் கையை நீட்டினாள், பார்க்காமலே. நான் டம்ளரைக் கொடுத்தேன், யோசிக்காமலே. விழுங்கினாள்.

"சுரங்கத்தத் தொறக்கா, ரயில் நிக்குதா பாக்கலாம்."

சொன்னது என் வாய்தான். நான் இல்லை. அதைவிடக் கொடுமை, அவள் திறந்தாள். ஆறு வாரப் பழக்கம். வாயை அகலமாகத் திறந்து, நாக்கையும் தூக்கினாள்.

அவள் கண்ணும் என் கண்ணும் அப்போதுதான் சந்தித்தன. வாய் மூடிக்கொண்டது. அவளுக்குப் பின்னால் தட்டோடு இரண்டாவது முறை சாதம் வாங்க நின்றிருந்தான் கண்ணாடிக்காரப் பையன்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான், கோமாளித்தனம். மைக்கைப் பிடுங்கினேன். "இப்ப எல்லாருக்கும் செக்கிங். யார் யார் சுரங்கத்துல தக்காளி ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று டம்ளரோடு வரிசை வரிசையாக ஓடினேன். கிளார்க்கைத் திறக்க வைத்தேன். டாக்டரம்மாவையே திறக்க வைத்தேன். திடலே சிரித்தது. குழந்தைகள் நாக்கை நீட்டிக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தார்கள். நான் ஓடிக்கொண்டே அவனைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. தட்டில் சாதம் அப்படியே இருந்தது. அதை மெதுவாக வாளியில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனான்.

அக்கா குண்டானை மூடினாள். அன்றைக்கு அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. கத்தரிக்காய்ப் பெட்டி மேஜையில் அப்படியே இருந்தது.

"என்ன ஆச்சு இந்தம்மாவுக்கு? ஒரு நாள் தப்பினதில்லயே" என்றார் சிஸ்டர். சித்தூர்க்காரர், தமிழை நன்றாகப் பேசுவார், திட்டுவதைத் தெலுங்கில் வைத்துக்கொள்வார்.

"ஊருக்குப் போயிருப்பாங்க சிஸ்டர்."

"உங்கிட்ட சொன்னாங்களா?"

"சொன்ன மாதிரிதான் இருந்துச்சு."

பொய் எனக்குப் புதிதில்லை. ஆனால் அதுவரை சொன்ன பொய்களெல்லாம் டீக்கும் லீவுக்கும் சொன்னவை. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும், திரும்ப வரும்போது இதே மாத்திரை அதை ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம் என்று நாடகத்தில் மாதாமாதம் கேட்டவன் நான். அந்த வசனம் வரும்போது செத்து விழுகிறவனும் நானேதான்.

புதன்கிழமையும் வரவில்லை. சிஸ்டர் ரிஜிஸ்டரில் இரண்டாவது வட்டம் போட்டார். அந்த வட்டத்தைப் படிக்க எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை எங்கள் மாதக் கூட்டம். எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார வேண்டும். டாக்டரம்மா வைத்த வழக்கம் ஒன்று இருந்தது: ஒவ்வொருவரும் அந்த மாதம் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். யாரும் திட்டக் கூடாது. இதில் நான்தான் ஸ்டார். கல்யாண ஊர்வலத்துக்குள் ஜீப்பை விட்டு, மாப்பிள்ளை வண்டி என்று நினைத்து என் கழுத்தில் மாலை விழுந்ததைச் சொல்லியிருக்கிறேன். தப்பு இல்லாத மாதத்தில் ஒன்றை இட்டுக்கட்டியும் சொல்லியிருக்கிறேன்.

முதலில் வராதவர்கள் பட்டியல். சிஸ்டர் அக்காவின் பெயரைச் சொன்னார்.

"ரெண்டு டோஸ் போச்சு. இன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கே போறேன். நீ ஜீப்ப எடு" என்றார் என்னிடம்.

ஜீப்பின் இரண்டு பக்கமும் நிறுவனத்தின் பெயர். பின்னால் இருமுகிற மனிதனின் படம். சிஸ்டர் வெள்ளைக் கோட்டில் இருப்பார். சாயங்காலம் கேரியர் எடுக்கப் பையன்கள் அவள் வாசலில் நிற்கிற நேரம்.

"ஜீப் வேணாம் சிஸ்டர்" என்றேன்.

"ஏன், டீசல் இல்லயா?"

"என் தப்ப நான் இப்பவே சொல்லிடறேன்."

சொல்வதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிளார்க் தொடையைத் தட்டிக்கொண்டார். "இந்த மாசம் எந்தக் கல்யாணம்டா?" என்றார். இத்தனை வருடம் சேர்த்துவைத்த சிரிப்பு எனக்கு எதிராக உட்கார்ந்திருந்தது. நான் சொல்லிக்கொண்டே போனேன். டம்ளர், சுரங்கம், அவள் நாக்கைத் தூக்கியது. அங்கேயும் ஒருத்தர் சிரித்தார். தட்டைக் கொட்டிய பையனிடம் வந்தபோது சிரிப்பு நின்றது. கிளார்க் பாயைப் பார்த்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி. இப்ப என்ன பண்ணப் போற?"

"நாளைக்குக் காலைல போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு வருவாங்க மேடம். வாரத்துக்கு ஆகற காய் வெள்ளிக்கெழமதான் எடுப்பாங்க. அங்க அவங்கள யாருக்கும் தெரியாது."

சிஸ்டர் என்னையே பார்த்தார். கூட்டம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து ஏழு மாத்திரையை ஒரு கவரில் போட்டு நீட்டினார். "முழுங்கறத நீ கண்ணால பாக்கணும். பாக்காம கவர மட்டும் குடுத்துட்டு வந்தே, அப்புறம் தெலுங்குல பேசுவேன்."

விடிகிற நேரத்தில் பஸ் பிடித்துப் போனேன். நிறுவனத்தின் டீ ஷர்ட் இல்லை, அட்டை இல்லை, கையில் தண்ணீர் பாட்டில் மட்டும். போவன்பள்ளியில் அந்த நேரத்தில் ஒரு மனிதனைத் தேடுவதும் கோஸ் மூட்டையில் ஒரு கோஸைத் தேடுவதும் ஒன்றுதான். சுமை தூக்குகிறவர்கள் இடித்துக்கொண்டு ஓடினார்கள். மூன்று முறை சுற்றினேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் அவள் குரல்தான் முதலில் கிடைத்தது. தெலுங்கில் பேரம்.

என்னைப் பார்த்தாள். பேரத்தை முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

"இன்னா, இங்கயும் மைக்கு கொண்டாந்தியா?"

"இல்லக்கா."

"கொண்டாந்திருக்கலாமே. இவ்ளோ பேர் கீறாங்க. எல்லாரயும் வாயத் தொறக்கச் சொல்லலாம்."

எனக்குச் சுவராக இருக்கத் தெரிந்தது, காலம் கடந்து.

"அந்தக் கண்ணாடிப் பையன் திங்கக்கெழம கேரியர் எடுக்க வர்ல" என்றாள். "போன்ல, வேண்டாங்க்கா, ஆபீஸ்லயே சாப்புட்டுக்கறேன்னான். மரியாதயா தான் சொன்னான். மத்தவங்க கைல சொன்னானா இல்லயா, தெரியல. மீதிக் கேரியர்லாம் போவுது. திரும்பி வந்ததும் ஒண்ணொண்ணா தொறந்து பாக்கறேன், தின்னாங்களா கொட்டிட்டு கழுவினாங்களான்னு. அடி புடிச்ச சட்டிய மோக்கற மாதிரி உக்காந்துகினு மோந்து பாக்கறேன்டா."

"என் தப்புதாங்க்கா."

"பின்ன என் தப்பா? நானும்தான் தொறந்தேன், புத்தி கெட்டவ." பையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "உங்க வாசப்படி ஏறறத இன்னொருத்தன் பாத்தான்னா அத்தோட முடிஞ்சிது. எம் பொண்ணுக்கு பரீட்ச வருது. நான் வர மாட்டேன்."

"நீங்க வர வேணாம். நான் வரேன். திங்க, புதன், வெள்ளி. இங்கயே."

"கைக்கு? எதுக்கு தெனம் நான் மார்க்கெட்டுக்கு வரணும்?"

"கொஞ்சங் கொஞ்சமா காய் வாங்குங்க. காயும் புதுசா இருக்கும்."

"ஐடியா குடுக்கற மூஞ்சப் பாரு" என்றாள். ஆனால் போகவில்லை.

கவரை நீட்டினேன். சுற்றிலும் பார்த்தாள். கோஸ் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த இடத்துக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். ஒவ்வொன்றாகப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஏழு முறை. மூட்டை தூக்குகிறவன் ஒருத்தன் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று எங்களை இடித்துக்கொண்டு போனான். ஆறாவது மாத்திரை கையிலிருந்து நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள்.

முடிந்தது. நான் கோஸைப் பார்த்தேன். சிஸ்டர் சொன்னது காதில் இருந்தது. ஆனால் கேட்க வாய் வரவில்லை. அந்த வாயை இனி நம்புவதாக இல்லை.

"பாரு" என்றாள்.

நான் கோஸையே பார்த்தேன்.

"பாருடா. பாக்காம போய் எழுதச் சொன்னா அந்த சிஸ்டரு ஒத்துப்பாளா?"

திரும்பினேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அப்படியே நின்றாள். நன்றாகப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"ம்" என்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு தக்காளிப் பையைத் தூக்கினாள். பையின் மறுபக்கத்துக் காதை நான் பிடிக்கப் போனேன்.

"நக்கோ, வேணாம், நானே தூக்கிப்பேன். திங்கக்கெழம இதே எடம். அந்தப் பையன் திரும்பி வரானோ இல்லயோ, நீ வந்துடு."

சிஸ்டரிடம் காட்டக் காலிக் கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன், இருக்கிறதா என்று.