கண்டக்டர் வீட்டு மணிக்கயிறு

பஸ்ஸை விட்டு இறங்கி வருஷக்கணக்காகியும் தெருவில் எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் நடந்துகொள்வதும் அப்படித்தான். மருந்துக்கடை வாசலை நாலு பேர் அடைத்துக்கொண்டு நின்றால் போதும், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியாத்தானே இருக்கு" என்று வாய் தானாகக் கிளம்பிவிடும். மருந்துக்கடையில் உள்ளே போக இடம் ஏது? ஆனாலும் ஜனங்கள் நகர்ந்து நிற்பார்கள். அந்தக் குரல் அப்படிப்பட்ட குரல்.

மனைவி போன பிறகு அவர் தனியாக இருந்தார். தனியாக என்று சொன்னால் பக்கத்து வீட்டு டிரைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் காலம் தள்ளியவர்கள். ஓய்வு பெற்றதும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு பார்த்துக் குடியேறிவிட்டார்கள். வேலையில் இருந்தவரை ஒருத்தர் முன்னால், ஒருத்தர் பின்னால். முகம் பார்த்துப் பேச நேரம் கிடைத்ததில்லை. விட்டுப்போன பேச்சையெல்லாம் இப்போது மதில் சுவருக்கு மேலாகப் பேசித் தீர்த்தார்கள்.

கண்டக்டருக்கு ஒரே மகள். காரில் அரை நாள் தூரத்தில் இருந்தாள். பிசியோதெரபிஸ்ட். விழுந்து எலும்பை உடைத்துக்கொண்ட பெரியவர்களை மறுபடி நடக்க வைப்பதுதான் அவளுக்குத் தொழில். ஆகவே அப்பா என்றாலே அவளுக்கு வழுக்கும் தரைதான் நினைவுக்கு வரும்.

"அப்பா, படுக்கையிலேர்ந்து எழுந்த உடனே நடக்காதீங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்திருங்க."

"சரிம்மா."

"நடக்கிற வழியில எதையும் போட்டு வைக்காதீங்க. அந்தப் பழைய துணி மிதியடியத் தூக்கிப் போடுங்க."

"சரிம்மா."

சரி என்று சொல்வதற்குக் காசா பணமா? சொல்லிவிட்டு மிதியடியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவார். மதில் பக்கம் போய் டிரைவரிடம், "ஓடுற பஸ்ஸுலயே கம்பியப் பிடிக்காம நின்னவன்யா நான். நிக்கிற வீட்டுலயா விழப் போறேன்?" என்பார். டிரைவரும் அதை ஆமோதிப்பார். ஓட்டியது யார் என்று அவருக்குத் தெரியாதா?

நிற்கிற வீட்டிலேயே விழுந்தார். அதே மிதியடிதான் காலை வாரியது. நல்ல வேளை, சோபாவில் போய் விழுந்தார். இதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று டிரைவரிடம் சத்தியம் வாங்காத குறை. மறுநாளே மகள் டிரைவருக்குப் போன் செய்து, "அப்பா எப்படி இருக்காரு மாமா?" என்று கேட்டாள். "சோபாவுலதாம்மா விழுந்தாரு, ஒண்ணும் ஆகல" என்று டிரைவர் உளறிக் கொட்டினார்.

அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை வந்து பார்ப்பேன், வீடு நான் சொன்னபடி இல்லையென்றால் அப்பாவைக் கையோடு அழைத்துப் போய்விடுவேன் என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கண்டக்டர் ஏற்கெனவே மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தவர்தான். ஐந்தாவது மாடி. காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேச ஆள் வேண்டி லிப்டில் ஏறி மேலும் கீழுமாகப் போய்வந்தார். "பின்னாடி தள்ளி நில்லுங்க, ஒரு ஆள் ஏறிக்கலாம்" என்று அங்கேயும் ஆரம்பித்துவிட்டார். குடியிருப்போர் சங்கத்திலிருந்து மருமகனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அன்றோடு லிப்டும் போயிற்று. மகள் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே அவர் வாய் திறக்க இடமில்லை, அதுதான் அவரைக் கொன்றது.

ஆகவே இரண்டு கிழவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். மிதியடி குப்பைக்குப் போனது. பரணில் இருந்த டப்பாக்கள் இடுப்பு உயரத்துக்கு இறங்கின. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வந்தது. உட்கார்ந்து குளிக்க டிரைவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தார். கைப்பிடி வைத்த நாற்காலி. கண்டக்டரின் இடுப்புச் சுற்றளவை அவர் யோசிக்கவே இல்லை.

அவசரத்துக்குக் கூப்பிட ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் மகள் சொல்லியிருந்தாள். போனைக் குளியலறைக்குக் கொண்டுபோனால் நனைந்துவிடும். பழைய இரும்புக் கடையில் டிரைவர் ஒரு பஸ் மணியைப் பிடித்தார். அதைத் தன் சமையலறை ஜன்னலில் மாட்டி, கயிற்றை மதிலுக்கு மேலாக இழுத்து, கண்டக்டரின் குளியலறைக்குள் விட்டார். எத்தனை அடித்தால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. அதைப் போய் யாராவது பேசுவார்களா? காலமெல்லாம் பழகிய பாஷை.

தாழ்ப்பாள் ஒன்றுதான் பாக்கி. குளிக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் போடாதீர்கள் என்று மகள் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கழற்றக் கண்டக்டருக்கு மனம் வரவில்லை. "நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. மகள் வருவதற்குள் குளித்துத் தயாராக இருக்கலாமென்று கண்டக்டர் உள்ளே போனார். மேல் தாழ்ப்பாளைப் போட்டார். நாற்காலியில் அமர்ந்து சுகமாகக் குளித்தார். எழுந்தார். நாற்காலியும் எழுந்தது.

தள்ளிப் பார்த்தார், நெளிந்து பார்த்தார். ஈர பிளாஸ்டிக் விடுவேனா என்றது. முதுகை நிமிர்த்த முடியாததால் மேலே இருந்த தாழ்ப்பாளுக்குக் கை எட்டவில்லை. மகள் சொன்னபடி துண்டு மாட்டும் கொக்கியை இடுப்பு உயரத்தில் அடித்திருந்ததால் துண்டாவது எட்டியது, மானம் தப்பியது. கத்தினால் தெருவே கூடிவிடும் என்று கயிற்றை இழுத்தார். ஒரு மணி. பஸ்ஸில் என்ன ஆபத்து வந்தாலும் முதலில் அடிப்பது அதைத்தான்.

பக்கத்து வீட்டில் டிரைவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். மணி கேட்டது. ஒரு மணி என்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினார். அடுப்பை அணைத்தார், ரேடியோவை அணைத்தார், கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார். இரண்டு மணி அடித்தால்தானே கிளம்புவது? கண்டக்டர் பொறுத்துப் பார்த்து மறுபடி ஒன்று அடித்தார். டிரைவர் இன்னும் ஆடாமல் நின்றார்.

மகள் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, டிரைவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அப்பா எங்க?"

"மணி அடிச்சாரும்மா. நிறுத்திட்டேன்."

"எதை நிறுத்தினீங்க?"

"எல்லாத்தையும்தான்."

அவளுக்கு விஷயம் புரிய ஒரு கணம்தான் பிடித்தது. சின்ன வயதில் அப்பாவின் பஸ்ஸிலேயே பள்ளிக்கூடம் போய் வந்தவள். "ஐயோ மாமா!" என்று அலறினாள். டிரைவர் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பிரேக் மிதித்தே உரமேறிய கால். குளியலறைக் கதவில் ஓர் உதை விட்டார், தாழ்ப்பாள் தெறித்தது. உள்ளே துண்டும் நாற்காலியுமாகக் கண்டக்டர் அசடு வழிய நின்றார். டிரைவர் நாற்காலியைப் பிடிக்க, மகள் சோப்பு நுரையைப் பூசி அப்பாவைப் பிடித்து இழுக்க, ஒரு வழியாக விடுதலை கிடைத்தது.

டிரைவர் சிரித்தார். கண்டக்டரும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை, அழுதாள்.

"இன்னைக்கு நாற்காலி. நாளைக்கு நெஞ்சு வலின்னாலும் இவர் கரண்டியோடதானே நிப்பாரு? கிளம்புங்கப்பா."

மகள் அழுதால் கண்டக்டருக்குத் தாங்காது. நாலு துணியைப் பையில் திணித்துக்கொண்டு காரில் ஏறினார். அதுவும் பின் சீட்டில். டிரைவர் வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. கண்டக்டர் அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் நகர்ந்தது. அப்போது டிரைவர் வீட்டு ஜன்னலிலிருந்து கேட்டது. ஒரே ஒரு மணி.

மகளின் கால் யோசிக்காமல் பிரேக்கை மிதித்தது. டிரைவர் என்பவர் மணி கேட்கிறவர். தன் காலத்தில் ஒருமுறைகூட அவர் கயிற்றைத் தொட்டதில்லை.

மகள் ஜன்னலைப் பார்த்து, "மாமா, இனிமே அப்பா ரெண்டு மணி அடிச்சா?" என்று கேட்டாள்.

"போட்டது போட்டபடி ஓடியாருவேன்மா."

"ஒண்ணு அடிச்சாலும் வரணும்."

டிரைவர் திணறினார். ஒரு மணிக்குக் கிளம்புவதா? உடம்பே ஒப்பவில்லை. "வந்துடறேன்," என்றார் கடைசியில்.

மகள் இஞ்சினை அணைத்தாள். "எறங்குங்கப்பா. கைப்பிடி இல்லாத நாற்காலி வாங்கணும். அந்தத் தாழ்ப்பாளத் திரும்ப மாட்டினா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

கண்டக்டர் பையோடு இறங்கி நேராக ஜன்னலுக்குப் போனார். குரலை வரவழைத்துக்கொண்டு அதட்டினார்.

"யோவ் டிரைவரே, மணி அடிக்கிறது என் வேலைய்யா."

"நீ அடிப்பே அடிப்பேன்னுதான் பார்த்துட்டு நின்னேன்," என்றார் டிரைவர். "நீ அடிக்கல."