வாடகை வாய்

யார் பேசினாலும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், தொண்டையைத்தான் பார்ப்பாள். தொண்டைக்குழி அசைவு நின்றால் பேச்சு முடிந்தது என்று கணக்கு. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை ஒருமுறை நெருடிக்கொண்டு, அதன் பிறகே வாயைத் திறப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அயல்நாட்டு நோயாளி சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் சொல்ல வேண்டும். ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்று சொல்லக் கூடாது. ‘எனக்கு வலிக்கிறது’ என்றே சொல்ல வேண்டும். தொழில் விதி அது. பகல் முழுக்க யார் யாருடைய நோவையோ தன் நோவாகச் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, தனக்கே தலை வலித்தாலும் யாருடைய வலி இது என்று யோசிக்க வேண்டியிருந்தது. நர்ஸ் அக்கா அவளுக்கு வைத்த பெயர் வாடகை வாய்.

வீட்டிலும் அந்த வாய்க்கு விடுப்பில்லை. அம்மாவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று மாதக்கணக்காகிவிட்டது.

“ஈரத் துண்டைக் கட்டில்மேல போடாதேன்னு அவன்கிட்ட சொல்லு.”

“அப்படித்தான் போடுவேன்னு சொல்லுக்கா.”

அவள் அசதியோடு அம்மா பக்கம் திரும்புவாள். “நான் அப்படித்தான் போடுவேன்.”

“யாருடி போடுவா? நீயா?” என்று அம்மா அவள்மேல் பாய்வாள்.

நவீன மொழிகள், மொழிபெயர்ப்பு முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை கிடைத்தால்தான் சேர முடியும். முந்தைய முயற்சிகளெல்லாம் கைநழுவிப் போயின. இந்த வருடத்தோடு வயது வரம்பும் முடிகிறது.

நேர்காணலுக்கு வேலை முடிந்த கையோடு போனாள். உட்கார்ந்ததும் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவர், ஒரு ஓரம் நிதி அதிகாரி, மறு ஓரம் மொழிப் பேராசிரியை. பேராசிரியை அயல்மொழியில் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி என்பதுபோலத் தலைவர் தலையாட்டினார்.

பேராசிரியையின் தொண்டைக்குழி அடங்கியது. அவள் விரலை நெருடிக்கொண்டாள். தலைவர் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னாள்.

“இத்தனை வருஷமா அடுத்தவங்க பேச்சையே சொல்லிட்டிருக்கீங்களே, உங்களுக்குன்னு சொல்ல என்ன இருக்கு?”

சொல்லிவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு போகக் காத்திருந்தாள்.

“எனக்கா?” என்றார் தலைவர். “நான்... குழு சார்பா...”

நிதி அதிகாரிக்குப் புரையேறியது. பேராசிரியை தலையைக் கவிழ்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது. தலைவரின் காது சிவந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, கேள்வி தனக்கென்று.

“மன்னிச்சுக்குங்க, சார். பழக்க தோஷம்.”

“நீங்க போகலாம்மா.”

போச்சு என்று வீட்டில் சொன்னாள். தம்பி துண்டைக் கொடியில் போட்டான்.

கடைசியில் படிப்புக் கட்டணம் மட்டும் கிடைத்தது. மாதச் செலவுக்கான தொகை இல்லை. காலையில் வகுப்பு, மதியத்திலிருந்து ஆஸ்பத்திரி. பேராசிரியையின் வகுப்பில், அன்று தன்னைக் கேலி செய்து சிரித்தவர் என்ற எண்ணத்தில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதி நாள் அங்கேயே கண்ணயர்ந்தாள். அவர் எழுப்பியதில்லை.

பட்டம் வாங்கி வெகுநாள் கழித்து, முட்டி வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த நிதி அதிகாரிதான் நடைக்கூடத்தில் சொன்னார். பேராசிரியை கேள்வி கேட்ட அந்த மொழி தனக்கு அத்துப்படி என்று சொல்லித்தான் தலைவர் அந்த நாற்காலியில் இருந்தாராம். அவளுக்குச் சல்லிக்காசு தரக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாராம். கட்டணமாவது கொடுக்காமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று, ஆபீசைப் பூட்ட ஆள் வந்த பிறகும் உட்கார்ந்திருந்தவர் பேராசிரியை.