உடைந்த போத்தலும் ஒரு திங்கட்கிழமையும்

ஐரோப்பிய நகரான ஓகூஸின் திரையரங்கொன்றில் என் பக்கத்து இருக்கையில் இருந்தார் அவர், முன்பின் தெரியாத நம்மூர்க்காரர். தடித்த கழுத்து, சிவந்த கண்கள். படம் தொடங்குமுன், "விசாவை இவ்வளவு காலம் மறிச்சு வைச்சவங்கள், தம்பி. திங்கட்கிழமை ஊரிலயிருந்து என்ர மனிசி வாறா" என்றார். பாரிஸின் ஏழைப் புறநகரில் துப்பாக்கியோடு அலைந்து மடியும் இளைஞனின் கதை அது. திரையில் அடி விழும்போதெல்லாம் அவர் தம் உள்ளங்கையில் குத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் மொட்டைத்தலை வெள்ளை இனவெறியன் ஒருவன் என் முகத்தில் துப்பினான். அவர் கையிலிருந்த பியர்ப் போத்தலைச் சுவரில் உடைத்து அவன் தொண்டையில் அழுத்தினார். இரத்தம் கசிந்தது. மேடைகளில் அறவுரை பேசிப் பழகிய நான் அன்று கத்தியது இவ்வளவுதான்:

"அண்ணை! பொலிஸ் வந்தால் திங்கட்கிழமை அக்காவைக் கூட்டிவர ஆர் போறது?"

போத்தல் விழுந்தது, அவன் ஓடினான். அவரோ தோல் கிழியும்வரை சுவரைக் குத்தினார். பிறகு கேட்டார்:

"படத்தில அந்தப் பெடியனுக்கும் ஆரும் வாறதெண்டால், துவக்கைக் கீழ போட்டிருப்பான், என்ன?"

நான் என் முகத்து எச்சிலைத் துடைத்துவிட்டு, இரத்தம் வழிந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.